ஃபெபி பெயரில் இருந்த நிலம்

பாங்கர், வேல்ஸ்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நான் இங்கே சுகம். நீங்களும் மகள் ஸ்டெபியும் சுகமாயிருக்க ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

போனில் பள்ளிக்கூடப் பேச்சே வேண்டாம், அதை மட்டும் மெயிலில் எழுதிக்கொள்வோம் என்று நான் சொன்னதற்குச் சிரித்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்துப்பாருங்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். உங்கள் தம்பி பெயர் வந்ததும் நீங்கள் கத்தினீர்கள், நானும் கத்தினேன். நடுவில் ஸ்டெபி அறைக் கதவைச் சாத்திய சத்தம் இத்தனை தூரம் தாண்டி எனக்குக் கேட்டது. எழுதினால், அனுப்பும் முன் ஒரு தரம் படித்துப் பார்த்துக் கோபத்தை அழித்துவிடலாம்.

இங்கே மழை நம் ஊர் மழை போல ஒரேயடியாகக் கொட்டி ஓய்வதில்லை. நாள் பூராவும் நசநசவென்று தூறுகிறது. மலைச்சரிவில் ஆடுகள் நனைந்துகொண்டே மேய்கின்றன. குடையை நான் மறந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை.

நான் எதைத் தேடி இவ்வளவு தூரம் வந்தேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எண்ணூறு வருஷத்துக்கு முன் இந்த நாட்டு இளவரசர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட செனானா என்ற பெண்ணைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. அவள் மாமனார் லெவெலின் பெரிய அரசர். அவருக்கு இரண்டு பெண்களிடம் பிறந்த இரண்டு பையன்கள். மூத்தவன் க்ரிஃபித், செனானாவின் கணவன். இளையவன் டாவித், நம் தாவீது என்ற பெயர்தான். இங்கிலாந்து ராஜா மகளுக்குப் பிறந்தவன். அப்பா மூத்தவனை ஒதுக்கிவிட்டு, இளையவன்தான் வாரிசு என்று எல்லோரையும் சத்தியம் செய்யவைத்தார். அவர் படுக்கையில் விழுந்ததும் தம்பி அண்ணனைப் பிடித்துச் சிறையில் போட்டான்.

முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. மாமா தன் கையால் உங்கள் சின்னம்மா மகன் சுஜினை நம் பள்ளிக்கூடத் தாளாளர் நாற்காலியில் உட்காரவைத்த அன்று, நீங்கள் ஷெட்டில் ஸ்கூல் பஸ்ஸுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தீர்கள். உங்களைப் பெற்ற அத்தை உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் மாமாவும் போய்விட்டார். தாளாளர் பதவி கேட்டு நீங்கள் போட்ட கேஸ் நகரவே மாட்டேன் என்கிறது. சுஜினோடு ஒரே ஒரு தரம் உட்கார்ந்து பேசுங்கள், அத்தான். தோற்றுப்போவதற்கு அல்ல, முடிப்பதற்கு.

உங்கள் அன்பு,
ஃபெபி


பாளையங்கோட்டை
6 அக்டோபர் 2024

அன்புள்ள ஃபெபிக்கு,

ஸ்தோத்திரம். ஸ்டெபி நன்றாகப் படிக்கிறாள். இது பத்தாம் வகுப்பு என்பது உனக்கு அங்கேயும் ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

உட்கார்ந்து பேசச் சொல்கிறாய். போன வாரம் நம் கோவிலில் அசன விருந்து. பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், சுஜின் சோற்று வாளியோடு வந்தான். நாலு பேர் கேட்கும்படி, "அண்ணே, கொஞ்சம் போடட்டா?" என்றான்.

"பள்ளிக்கூடத்தயே வாரிப் போட்டுக்கிட்ட. சோத்த மட்டும் எனக்கு ஏம்லே போடுத?" என்று கேட்டேன். இலையை மடக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவன் வாளியோடு அங்கேயே நின்றான். பார்த்தவர்கள் எல்லோரும் அவனுக்குத்தான் பரிதாபப்பட்டார்கள். தம்பி பணிந்து போகிறான், அண்ணன் முறுக்கிக்கொண்டு போகிறான்! இதுதான் அவன் பேசுகிற பேச்சு.

அவனிடம் நாற்காலி இருக்கிறது. என்னிடம் இருப்பது மைதானம் ஒன்றுதான். உன் அப்பா கல்யாணத்தின்போது உன் பெயரில் எழுதிக்கொடுத்த நிலம். அது பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்ததால்தான் எங்க அப்பா உன்னை எனக்குக் கட்டிவைத்தார், அது ஊருக்கே தெரியும். மைதானம் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் புதுப்பிக்க மாட்டார்கள். அதனால்தான் ஜூன் மாதமே கேட்டைப் பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. அவன் வந்து, "அண்ணே, நான் செஞ்சது தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். திறக்கிறேன்.

அந்தக் காலத்து ராணி கதையை எதற்கு எழுதினாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. நான் சிறையில் இல்லை.

அன்புடன்,
ஜெபஸ்டின்


பாங்கர்
3 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சிறையில் இல்லை என்று எழுதினீர்கள். காலையில் எழுந்து கேட் பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறீர்கள். சாயங்காலம் மறுபடியும் போகிறீர்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. பூட்டியது சுஜினையா உங்களையா?

ஸ்டெபி என்னிடம் சொன்னதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். "எம்மா, கிரவுண்டப் பூட்டுனது ஒங்க அப்பாதானேன்னு கேக்காவ. நான் என்ன சொல்ல?" என்றாள். பி.டி. வாத்தியார் கொம்பையா பிள்ளைகளை ரோட்டோரம் ஓடவிடுகிறாராம். பஸ் வரும்போதெல்லாம் விசில் ஊதி ஓரம் கட்டுகிறாராம். விளையாட்டு விழாவும் நடக்கவில்லை. தம்பிக்குப் போட்ட பூட்டில் அகப்பட்டது நம் மகளும் அவள் சிநேகிதிகளும்தான்.

செனானா சும்மா இருக்கவில்லை. கணவனும் மூத்த பையனும் சிறையில். அவள் புறப்பட்டுப் போய் இங்கிலாந்து ராஜாவையே பார்த்தாள். என் புருஷனை மீட்டுக் கொடுங்கள் என்று ஒப்பந்தம் பேசினாள். அதற்கு ஈடாகத் தன் சின்னப் பையன்கள் இரண்டு பேரைப் பிணையாக ஒப்படைத்தாள். அந்த ஒப்பந்தம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அவள் பெயர் அதில் இருக்கிறது. பெற்ற பிள்ளைகளைக் கொடுக்கும்போது அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று அதில் இல்லை. ஒரு மாதமாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். அந்த நிலத்தைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டால் என்ன? சும்மா அல்ல. உங்களை இணைத் தாளாளராகப் போடவேண்டும் என்று பேசிக் கொடுப்போம். கேஸையும் முடித்துக்கொள்வோம்.

உங்கள் அன்பு,
ஃபெபி


பாளையங்கோட்டை
9 நவம்பர் 2024

ஃபெபிக்கு,

நிலத்தைப் பற்றி இனி எழுதாதே. எழுதினால் படிக்கமாட்டேன்.

ஸ்டெபிக்குச் சளி, இப்போது தேவலை.

ஜெபஸ்டின்


பாங்கர்
22 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஸ்டெபிக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். பாளையங்கோட்டை வெயிலில் அதை எங்கே போடுவாள் என்று கேட்காதீர்கள், வாங்கவேண்டும் போல் இருந்தது.

இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கோவிலில் வேல்ஸ் மொழியில் கேரல் பாடுகிறார்கள், ஒரு வார்த்தையும் புரியவில்லை. ராகம் மட்டும் நம் ஊசிக்கோபுரம் கோவிலில் பாடுவதே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

போன வாரம் ஒரு வேலையாக லண்டன் போய்வந்தேன். கால் வலி. வேறு விசேஷம் இல்லை. ஷிபின் வந்து பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுங்கள். அவன் என் தம்பி, உங்களுக்குப் பகையாளி இல்லை.

உங்கள் அன்பு,
ஃபெபி


பாளையங்கோட்டை
24 ஜனவரி 2025

ஃபெபி,

இன்று காலை கேட்டுக்குப் போனேன். பூட்டு இல்லை. உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கொம்பையா வாத்தியார் என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சார், தாளாளர்தான் தொறக்கச் சொன்னாவ. எங்கிட்ட கோவப்படாதீய" என்றார்.

ஆபீசுக்குப் போனேன். சுஜின் எழுந்து நின்றான்.

"யாரக் கேட்டுலே பூட்ட ஒடச்ச?"

"மதினியக் கேட்டுதாம்ண்ணே. ஒங்களுக்குத் தெரியாதா?"

மேஜைமேல் ஒரு பத்திரத்தை எடுத்துவைத்தான். பள்ளிக்கூட டிரஸ்ட் பெயருக்குத் தானப் பத்திரம். நீ லண்டனில் நம் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்துப்போட்டு அனுப்பிய பவர் பத்திரத்தை வைத்து உன் தம்பி ஷிபின் எழுதிக்கொடுத்திருக்கிறான். வக்கீல் தாணுமாலையன் சாட்சி. அவர் யாருடைய வக்கீல்? என்னுடைய வக்கீல்!

"ஒங்களுக்குத் தெரியாதா" என்று அவன் கேட்டதுதான் எனக்குப் போதும். அவன் அதை நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். கிளார்க், ஆயா வடிவம்மாள், பீஸ் கட்ட வந்த ஒரு தகப்பன், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தெரியும் என்றேன். எனக்குத் தெரியும்லே என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வேறு எழுத வரவில்லை.

ஜெபஸ்டின்


பாங்கர்
26 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

பதிவு முடிந்த அன்றே நானே உங்களுக்குச் சொல்வதாக இருந்தேன். ஷிபின் திங்கட்கிழமை என்றான், வியாழக்கிழமையே முடித்திருக்கிறார்கள். நீங்கள் ஆபீசில் போய்க் கேட்கும்படி ஆனதை நினைத்து இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தேன்.

ஆனால் ஏன் செய்தேன் என்று கேளுங்கள். நவம்பரில் நான் கேட்டேன். இனி எழுதாதே என்று ஒரு வரியில் அடைத்துவிட்டீர்கள். பிறகு நானே சுஜினைக் கூப்பிட்டுப் பேசினேன். "அண்ணன இணைத் தாளாளராப் போடுதேன் மதினி. ரெண்டு பேரும் சேந்தே நடத்துவோம். அப்பா மேல சத்தியம்" என்றான். அதைப் பத்திரத்தில் எழுதலாமா என்று கேட்டேன். தானம் என்றால் தானமாக இருக்கட்டும், டிரஸ்ட் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றான். உங்கள் வக்கீலும் அப்படியே சொன்னார். இந்தக் கேஸ் உங்கள் ஆயுசுக்குள் முடியாது என்றும் அவரே சொன்னார்.

பிப்ரவரியில் கூட்டம். போங்கள் அத்தான். நாற்காலியில் உட்காருங்கள். அதற்குப் பிறகு என்னை எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு,
ஃபெபி


உவரி
2 மார்ச் 2025

ஃபெபி,

ஊர்ப் பெயரைப் பார்த்துத் திகைக்காதே. எல்லாம் சொல்கிறேன்.

கூட்டத்துக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். உன் பேச்சை நம்பி. ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். என் விஷயம் வரவே இல்லை. கடைசியில் நானே எழுந்து, "ஏலே சுஜின், ஒங்க மதினிகிட்ட ஒண்ணு சொன்னியே" என்றேன்.

"அண்ணே, நான் இல்லன்னு சொல்லல. மத்த மெம்பர்மாரு கேஸு போட்ட ஆளப் போடக்கூடாதுங்காவ. மொதல்ல கேஸ வாபஸ் வாங்குங்க, பைய பாப்போம். இப்போதைக்கு டிரான்ஸ்போர்ட்ட நீங்களே பாத்துக்கிடுங்களேன்" என்றான்.

மறுபடியும் பஸ் ஷெட்! எங்க அப்பா என்னை உட்காரவைத்த அதே இடம். அவனுக்குக் கண்ணில் வெட்கம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெட்கப்பட்டுக்கொண்டே ஏமாற்றினான்.

வெளியே வந்தேன். மைதானத்தில் பெண் பிள்ளைகள் த்ரோபால் ஆடினார்கள். ஸ்டெபியும் ஆடினாள். சிரித்துக்கொண்டு ஆடினாள், ஃபெபி. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் பந்தைப் பிடிக்காமல் விட்டுவிட்டாள். நான் அங்கே நிற்கவில்லை.

கேஸை வாபஸ் வாங்கிவிட்டேன். சுஜின் சொன்னதற்காக அல்ல. எனக்குச் சண்டை போட ஒன்றுமில்லை, அதற்காக. உவரியில் கடற்கரையை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கணக்கு வாத்தியார் வேண்டும் என்றார்கள். பி.எட். படித்துவிட்டுப் பஸ் ஓட்டத்தைப் பார்த்தவன் நான், இப்போது ஏழாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு அறையும் சமைக்கக் குசினியும் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். கருவாட்டு வாடை சட்டையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பரீட்சை முடியும்வரை ஸ்டெபி ஷிபின் வீட்டில் இருக்கட்டும் என்று பேசி, ஞாயிறு தோறும் போய்ப் பார்க்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும் என்று இத்தனை நாள் யோசித்தேன். உன் செனானா, கணவனைக் கேட்காமல் ராஜாவிடம் போய் ஒப்பந்தம் பேசினாள். சரி. அவன் சிறையில் இருந்தான், எப்படிக் கேட்பாள்? நீ எனக்குக் கிறிஸ்துமஸுக்குக்கூடக் கடிதம் எழுதினாய். கேரல் பாட்டு, கம்பளிச் சட்டை, கால் வலி எல்லாம் எழுதினாய். லண்டனுக்கு எதற்குப் போனாய் என்று எழுத இடம் இல்லையா?

ஜெபஸ்டின்


பாங்கர்
9 மார்ச் 2025

அத்தானுக்கு,

இடம் இருந்தது. எழுதினால் தடுப்பீர்கள் என்று தெரியும், அதனால் எழுதவில்லை. இதற்குமேல் அதைச் சுற்றிவளைக்க மாட்டேன்.

சுஜின் என்னையும்தான் ஏமாற்றினான். கூப்பிட்டுக் கேட்டேன். "மதினி, நான் என்ன செய்ய" என்கிறான். அந்தக் குரலைக் கேட்டால் பாவமாகத்தான் இருக்கிறது. செனானாவுக்கும் இதுவே நடந்தது. ராஜா படையோடு வந்து க்ரிஃபித்தைத் தம்பியிடமிருந்து மீட்டான். மீட்டு, லண்டனுக்குக் கொண்டுபோய்த் தன் கோட்டையில் அடைத்துவிட்டான். மூன்று வருஷம் கழித்து அவன் படுக்கைத் துணிகளை முடிந்து கயிறாக்கி ஜன்னல் வழியே இறங்கப் பார்த்தான். கயிறு தாங்கவில்லை. விழுந்து செத்தான். அவளுடைய பையன்கள் வளர்ந்து, அவர்களும் ஒருவரை ஒருவர் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவள் எந்த வருஷம் செத்தாள் என்றுகூட யாரும் குறித்துவைக்கவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுதிப் பார்த்தேன். உங்களிடம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், முழு மனசோடு. நிலத்தைக் கொடுத்ததற்குக் கேட்கமாட்டேன். அது என் பெயரில் இருந்த நிலம் என்று நீங்களே எழுதினீர்கள். அதை அப்பா எழுதிக்கொடுத்தபோது என்னைக் கேட்கவில்லை. மாமா அதைப் பார்த்து என்னைப் பெண் கேட்டபோதும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் பூட்டுப் போட்டீர்களே, அன்றைக்கு என்னைக் கேட்டீர்களா? சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தது. நிலம் என்னுடையது. அதை வைத்து நான் செய்த ஒரே காரியம், என் மகள் ஓடுவதற்குத் திறந்துவிட்டது. தந்திரத்தில் தோற்றேன். திறந்துவிட்டதில் தோற்கவில்லை.

இவ்வளவும் கோபத்தில்தான் எழுதுகிறேன், அழிக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் வருகிறேன். ஸ்டெபிக்குப் பரீட்சை முடிந்திருக்கும். ஷிபின் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டு, உவரிக்கு வரவேண்டும் என்று இருக்கிறது. பின்னம் சொல்லிக்கொடுக்கிறவரைப் பார்க்கவேண்டும் என்று இருக்கிறது. இந்தத் தடவை கேட்டுவிட்டே வருகிறேன்.

வரட்டுமா?

ஃபெபி


உவரி
23 மார்ச் 2025

அன்புள்ள ஃபெபிக்கு,

நீ கேட்டாய். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். இப்போது வேண்டாம்.

உன் கடிதத்தை வகுப்பு இடைவேளையில் படித்தேன். மறுபடியும் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் உட்கார்ந்து படித்தேன். பூட்டுப் போட்டபோது உன்னைக் கேட்டேனா என்று எழுதியிருக்கிறாய். கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது, தெரிந்ததும் உன்மேல் கோபம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. என்ன செய்யட்டும்?

இங்கே யாருக்கும் நான் தாளாளர் வேதநாயகம் மூத்த மகன் என்று தெரியாது. காலையில் வள்ளங்கள் வந்து கரையேறுகிற நேரத்தில் பிள்ளைகள் பாதிப்பேர் கடற்கரையில் இருப்பார்கள், கூட்டிக்கொண்டு வரவேண்டும். "சார் வாராவ, சார் வாராவ" என்று ஓடுவார்கள். அதில் ஒரு நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு என்று தெரியவில்லை.

நமக்குக் கல்யாணம் ஆனது அந்த நிலத்துக்காக. அது இப்போது உன்னிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. அது இல்லாமல் நாம் இருவரும் யார் என்று நான் யோசிக்கவேண்டும். அதற்கு நீ பக்கத்தில் இருந்தால் முடியாது. நீ காபி போட்டுக் கொடுப்பாய், நான் குடித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் ஓட்டினோம்.

நீ வந்து ஸ்டெபியோடு இரு. உன் படிப்பை முடிக்க இன்னும் காலம் வேண்டுமென்றால் அவளையும் அங்கே கூட்டிப்போ. அவள் வருகிறேன் என்றால் நான் தடுக்கமாட்டேன். அவளிடம் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஷிபின் வீட்டுக்கு வருவேன், அப்போது நீ அங்கே இருந்தால் எழுந்து போகமாட்டேன். உவரிக்கு மட்டும் நான் சொல்லும்வரை வராதே. சொல்வேனா என்று எனக்கே இன்னும் தெரியாது.

அங்கே குளிர் குறைந்துவிட்டதா?

ஜெபஸ்டின்